அவர் நெஞ்சுக்குள் நடந்த சண்டை

என் கணவர் அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் ஊதும் விசில் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். ஒருநாள் அந்த விசிலைப் பாதி ஊதும்போதே இருமல் வந்தது. பிறகு தினமும் வந்தது.

பகலில் ஓரளவு சமாளித்துவிடுவார். படுத்தால் நெஞ்சு விசிலடிக்கும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். டிபியாக இருக்குமோ என்று சளியை எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. பஸ் தூசிதான் என்றார் இன்னொருவர். குறைவதும் திரும்ப வருவதுமாகச் சில வருஷங்கள் போயின.

மூச்சு முட்டித் திருச்சிக்குக் கொண்டுபோனபோதுதான் ஒரு டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க பக்கம் யாருக்காவது யானைக்கால் இருக்கா?"

அவர் வேட்டியைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். "என் காலு நல்லாத்தானங்க இருக்கு."

"அதே புழுதான். கொசு கடிச்சு வருது. அது போடுற குட்டிங்க ரத்தத்தோட நுரையீரலுக்கு வரும். உங்க உடம்பு அதுகள அங்கயே மறிச்சுக் கொல்லுது. அதுக்கு ஈசினோபில்னு ஒரு வெள்ளணு இருக்கு. உங்களுக்கு அது எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. புழு மேல அது கக்குற விஷம் நுரையீரலையும் சேத்து அரிக்குது."

"அப்ப என்னைய இப்படிப் பண்றது புழு இல்லையா?"

"புழுவ எதிர்க்கிற உங்க உடம்புதாங்க."

புழுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தத்தில் அந்த அணுக்கள் மளமளவென்று இறங்கின. இருமல் குறைந்தது. மீண்டும் வேலைக்குப் போகலாம் என்று காக்கிச் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னார். ஆனால் மூச்சு மட்டும் திரும்பவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நுரையீரல் தழும்பேறி இறுகியிருந்தது. முன்னாலேயே மாத்திரை கொடுத்திருந்தால் தப்பியிருக்கும், தழும்பு விழுந்த இடம் இனி விரியாது என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு சுகாதாரத் துறையினர் எங்கள் தெருவில் வீடுவீடாக ரத்தம் எடுத்தார்கள். அவர் ரத்தத்தில் ஒரு குட்டிப் புழுகூட இல்லை. என் ரத்தத்தில் இருந்தது.

எனக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. அடுத்த முறை அவரோடு திருச்சிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"உங்க உடம்பு அதக் கண்டுக்காம விட்டிருச்சு. நெறைய பேருக்கு இப்படித்தான். மாத்திரை போடுங்க, போயிரும்" என்றார்.

போய்விட்டது. எனக்குள் அது இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அன்று அவரும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கி முடிந்ததும் சொன்னார். "ஒரே வீடு. ஒரே கொசு. ஒன் ஒடம்புக்குத் தெரிஞ்சது என் ஒடம்புக்குத் தெரியலையே. எதுக்குச் சண்டைக்குப் போச்சு?"

"எனக்கு வந்திருக்கலாம்ங்க."

"போடி. ரெண்டு பேருக்கும் வராம இருந்திருக்கலாம்."

வேலையை விட்டார். ஆக்சிஜன் மெஷின் வந்தது. கரண்ட் போனால் இருவரும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருப்போம்.

போன தடவை டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, இவ்வளவு தூரம் இவரை அலைக்கழிக்க வேண்டாம், இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். அவரிடம் பாதியைத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது இவர், "இனிமே வர வேணாம்னுட்டாங்கண்ணே, நல்லாயிருச்சாம்" என்று சிரித்தார். நம்பித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போது அவரால் படுக்க முடிவதில்லை. மேஜைமேல் தலையணை போட்டு அதில் சாய்ந்தே தூங்குகிறார். சாப்பாடும் அங்கேதான். ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்கு மூச்சு சேரும்வரை காத்திருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். பாதியில் கையை உதறிவிட்டு, "போதும், எடுத்துரு" என்பார். எடுத்துவிடுகிறேன்.