கடைசி வரிசைப் பெட்டி

கடைசி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சுகாசினி ஒருமுறை பலமாகக் கைதட்டுகிறாள். தலையைச் சாய்த்து, சத்தம் எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று கேட்கிறாள். சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபமோ, ஏனாத்தூர்க் கல்லூரி விழாவோ, மைக்செட் இறக்கும் இடத்திலெல்லாம் இதுதான் முதல் வேலை. அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. சேலை எடுக்கப் போன கடையில் தட்டுவாள், பல் பிடுங்கப் போன இடத்திலும் தட்டுவாள். கணவன் ஜெபகுமார் யாரோ எவளோ என்று வாசல் பக்கம் நகர்ந்துவிடுவான்.

அடுத்தது ஸ்பேனர். ஜெபகுமார் மேடையில் மைக்குக்கு முன்னால் அதைக்கொண்டு ஒரு இரும்புக் குழாயைத் தட்டுவான். கடைசி வரிசைக்கென்று அவள் தனியாக நிறுத்தும் பெட்டியில் அந்த 'டக்' ஒயர் வழியாக அப்போதே கேட்டுவிடும். மேடைப் பெட்டியின் 'டக்' காற்றில் சாவகாசமாக நடந்து பின்னால் வரும். இப்படி இரண்டாக வந்தால் பேச்சு குழைந்த சோறுதான். அதனால் முந்திரிக்கொட்டையாக வரும் கடைசிப் பெட்டியைக் கொஞ்சம் காக்க வைக்க வேண்டும். அவள் கையை உயர்த்தினால் ஜெபகுமார் மிக்ஸரில் டிலேயை, அந்தக் காத்திருக்கும் நேரத்தை, கூட்டுவான், தாழ்த்தினால் குறைப்பான். இரண்டு 'டக்'கும் ஒன்றாகும்வரை அவனுக்கு டீ கிடையாது. "ஆங், அப்டியே வுடு! கைய எடு, கைய எடு!"

அந்தக் குட்டி மிக்ஸருக்குள் குரல் எங்கேதான் காத்திருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலுள்ள வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். "ராட்டினம் பாத்துக்கிறல்ல? கொரலப் பொடிப்பொடியா நறுக்கி, நம்பராக்கி, ஒவ்வொரு சீட்லயும் ஒக்கார வச்சுடும். ஏறுன எடத்துலயே எறக்குனா டிலேவே இல்ல. கொஞ்சம் சுத்த வுட்டு எறக்குனா, அதுக்குள்ள மேடச் சத்தம் நடந்து வந்துடும். ரெண்டும் ஜோடி போட்டுக்கினு காதுக்குப் போவும்." எக்கோ எப்படி என்று கேட்டால், "எறங்குனவன்ல பாதிப் பேர மறுபடியும் ஏத்தி வுடுறது. கொரல் இல்லாதவன்தான் அத்த கேப்பான்." பாட்டுக் கச்சேரிக்காரர்களிடம் இதை முகத்துக்கு நேராகவே சொல்லி, இரண்டு குழுக்களின் பகையைச் சம்பாதித்திருக்கிறாள்.

மேடையை எவனாவது பார்த்துக்கொள்ளட்டும், கடைசி வரிசை தன்னுடையது என்பாள். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் அவள் வீட்டாருக்கு உட்கார அங்கேதான் இடம். "முன்னாடி சிரிப்பாங்க. இன்னா ஜோக்குன்னு எங்களுக்குப் புரியாது. அவங்க சிரிக்கிறதப் பாத்து நாங்களும் சிரிப்போம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை.

போன மாதம் கூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், புதிதாக வரும் சாலைக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல் நீளமென்றால் அப்படியொரு நீளம். சாலை போகும் வழியில் மாணிக்கவேல் என்ற விவசாயியின் கிணறு இருந்தது. கூட்டத்தில் பேசினால்தான் ஆட்சேபணை பதிவாகும்; இல்லையென்றால் கிணறு மண்ணுக்குள். அவர் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசையில், சுகாசினியின் பெட்டிக்கு நேர் கீழே. அதிகாரி படித்த சர்வே எண் ஒவ்வொன்றும் அங்கே கணீரென்று கேட்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாணிக்கவேலின் பெயரைக் கூப்பிட்டார்கள். கையில் ஒயரில்லா மைக் வந்தது. "ஐயா, என் கெணறு..." என்றார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் தலைக்கு மேலிருந்து "என் கெணறு" என்றது பெட்டி. அவர் நின்றார். மறுபடி தொடங்கினார், மறுபடியும் குரல் பிந்தி வந்து குறுக்கே விழுந்தது. தன் பேச்சே இப்படித் தாமதமாகக் காதில் மோதினால் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் நாக்கு சிக்கிக்கொள்ளும். "கெ... கெண..." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னா உக்காருங்க பெரியவரே. அடுத்தது யாரு?" என்றார் அதிகாரி. மாணிக்கவேல் தலை குனிந்து மைக்கைத் திருப்பி நீட்டினார்.

சுகாசினி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். கேட்கிறவர்களுக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த டிலே, பேசுகிறவரின் வாயை அடைக்கும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. மேடைவரை ஓடிச் சொல்ல நேரமில்லை. காலையிலிருந்து ஜெபகுமாரைப் பாடாய்ப் படுத்திச் சரிசெய்த பெட்டியின் பிளக்கைக் குனிந்து பிடுங்கினாள். மேடைப் பெட்டியின் சத்தம் இவ்வளவு தூரம் வருவதற்குள் முனகலாகத் தேய்ந்துவிடும், அது யார் நாக்கையும் தடுக்காது. நீட்டிய மைக்கை அவர் பக்கமே தள்ளினாள்.

"இப்ப பேசுங்கண்ணா. குறுக்க எதுவும் வராது."

பேசினார். கிணறு எப்போது வெட்டியது, கோடையிலும் எத்தனை வயலுக்குப் பாய்கிறது, சாலை பத்தடி தள்ளிப் போனால் எப்படித் தப்பும், எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் பேசினார். மேடையில் எழுதுகிறவரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்து மைக்கை இறக்கினார். பதில் சொல்ல அதிகாரி தொண்டையைச் செருமினார்.

அவர் வாய் திறப்பதற்குள் சுகாசினி பிளக்கை மறுபடியும் செருகியிருந்தாள்.