வைக்கோலில் சுற்றிய சோயா

நாட்டோ தின்றால் சாவு கிட்டவே வராது என்று நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு நாட்டுச் சோற்றைத் தின்ற பிறகும் நம்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது மேல். நாட்டோ என்பது வேகவைத்துப் புளிக்கவைத்த சோயாப் பயறு. ஜப்பானில் காலையில் வெறும் சோற்றின் மேல் கொட்டித் தின்பார்கள். குச்சியால் கிளறினால் சிலந்தி பரம்பரையே உள்ளே குடியிருப்பது போல நூல்விடும். வாயில் வைத்தால் நூல் மீசையில் ஒட்டும், மீசையிலிருந்து காதுக்குப் போகும். மழையில் நனைந்த கோணிச்சாக்கை அடுப்பு மேல் காயப்போட்டால் வருகிற வாசனை அதற்கு உண்டு. ஆறு வருடமாக என் பொழுது இதில்தான் விடிகிறது. பழகிவிட்டதா என்று கேட்டால், பழகிவிட்டது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

நான் கொல்லிமலை, வளப்பூர் நாட்டுக்காரன்; எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. டோக்கியோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரில், நேபாளக்காரர் ஒருவர் நடத்தும் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் தந்தூரி அடுப்பு முன்னால் நின்று நாண் ரொட்டி சுடுகிறேன். மலையில் இருந்தவரை நாண் ரொட்டியைக் கண்ணால் கண்டவனில்லை. இங்கே வருகிறவர்கள் அதைப் பிய்த்துத் தின்றபடி, "உங்கள் ஊர்ச் சாப்பாடு பிரமாதம்" என்பார்கள். நானும் குனிந்து நன்றி சொல்வேன். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர் மோரிதா-சான், அதாவது மோரிதா ஐயா. வயது எண்பத்தெட்டு. சைக்கிளில் வருவார், மூச்சு வாங்காது. ஒரு நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில், "உங்களுக்கு நீண்ட உயிர். ஏன்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாட்டோ, மைனிச்சி" என்றார். மைனிச்சி என்றால் தினமும். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் பேசினார். அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் வைத்தியனாகிவிட்டேன்.

வைத்தியனுக்கு நோயாளி வேண்டுமே, எனக்கு என் அக்கா இருந்தாள். ராசம்மா, என்னைவிட ஏழு வயது மூத்தவள். சிறு வயதில் வந்த காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது தெரியவே முப்பது வருடம் ஆயிற்று. சேலத்தில் அறுத்து உலோக வால்வு வைத்தார்கள். சத்தமில்லாத நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க உயிருள்ளவரை வார்ஃபரின் மாத்திரை, மாதம் ஒருமுறை மலையிறங்கி நாமக்கல்லில் ரத்தப் பரிசோதனை. இதற்கு நடுவே நான் இங்கே டி.வி.யில் ஒன்று பார்த்தேன். நாட்டோ தின்றால் ரத்தம் 'சரா சரா' என்று ஓடுமாம். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மாத்திரை ஒரு பக்கம் ரத்தத்தை இளக்கட்டும், நாட்டோ மறுபக்கம் இளக்கட்டும், அக்கா மோரிதா-சான் மாதிரி வளப்பூர் ரோட்டில் சைக்கிள் விடட்டும் என்று கணக்குப் போட்டேன்.

போன தை மாதம் விடுப்பில் ஊருக்குப் போனபோது விதைக்கென்று ஒரு நாட்டோப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி மூக்கைப் பொத்தினார். "என்னங்க இது, கெட்டுப்போச்சே?" "கெட்டாத்தாங்க அது நல்லது" என்றேன். மேலே பேச்சு வளர்க்காமல் பெட்டியை மூடிவிட்டார். சேந்தமங்கலத்துக் கடையில் சோயாப் பயறு பத்துக் கிலோ கேட்டபோது கடைக்காரர், "பண்ணை எங்கீங்க? எத்தன கோழி?" என்றார். நாமக்கல் பக்கம் சோயா என்றால் கோழித்தீவனம்தான், அவர் மேல் தப்பில்லை. "அக்காவுக்குங்க" என்றேன். "ஓ, அக்கா பண்ணையா" என்று மூட்டை கட்டினார்.

பயறை வேகவைத்து, பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டி கலந்து, சுத்தமான வைக்கோலில் பொதிந்து அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் பிரித்தபோது நூல்விட்டது. ஜப்பானையே மலையேற்றிவிட்ட பெருமிதத்தில் அக்கா முன்னால் கிண்ணத்தை நீட்டினேன்.

"ஏங்கண்ணு, கோழி திங்கறத எனக்கு ஆக்கித் தர்றியே, நாளைக்கு நான் முட்டை வெச்சா யாரு பொறுப்பு?"

"வெச்சா சேந்தமங்கலத்துல வித்துப்போடலாம், நீ தின்னு" என்றார் மச்சான் வாசற்படியிலிருந்து. கிண்ணத்துக்குப் பக்கத்தில் வர அவருக்குத் தைரியமில்லை.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமே சாமி. நானு மாத்தரை திங்கறவ."

"அவருக்கு ஜப்பானப் பத்தி என்னக்கா தெரியும்? சொன்னா வையுவாரு. சொல்லாத. தெனம் ஒரு கிண்ணம், அவ்வளவுதான்."

இந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான். மறுக்க வழியில்லை, மச்சான் சாட்சி.

செய்முறையை அக்காவுக்குப் பழக்கிவிட்டுத் திரும்பி வந்ததும், தினமும் கடைக்குக் கிளம்புமுன் காலை பத்து மணிக்கு ஃபோன். அங்கே ஆறரை மணி, அக்கா வாசலில் இருக்கும் நேரம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வேலியோரக் கல்லின் மேல் வைத்துவிடுவாள். பின்னால் கோழிகளின் கூச்சல். "இன்னைக்குத் தின்னியாக்கா?" "இதா, கிண்ணம் கையிலதான் இருக்குது கண்ணு." "மூச்சு வாங்குதா?" "இல்ல சாமி, நேத்து மேக்கால காட்டுக்கு நடந்தே போயிட்டு வந்தேன்." இப்படி மூன்று மாதம். கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்களுக்கு என் முதலாளி குழம்பு விற்கிறார், நான் இவர்கள் சோயாவை வைத்து மலையில் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்கிற நினைப்பு.

சித்திரையில் கடை ஊழியர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. ஜப்பானில் இது தப்பிக்க முடியாத சடங்கு. வயிற்றைச் சுற்றி டேப் பிடிப்பார்கள். ஆண்களுக்கு எண்பத்தைந்து சென்டிமீட்டர் தாண்டினால் ஆலோசனை. நான் மூச்சை இழுத்துப் பிடித்தும் தாண்டினேன். ரத்த அழுத்தமும் தாண்டியது. அங்கிருந்த அம்மாள் என் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற மிசோ சூப்பையும் சோயா சாஸையும் சிவப்பில் கோடிட்டார். உப்பு. சோயாவைத் தின்று சாவை விரட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சோயா வழியாகவே உப்பு ஏறியிருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது மறுநாள் மருந்துக்கடையில். ஒன்பதரை மணி, அழுத்த மாத்திரைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கிழவிக்கு மருந்து கொடுத்த பெண், ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அட்டையில் நூல்விடும் நாட்டோக் கிண்ணம். அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. என் முறை வந்ததும் அட்டையைக் காட்டி, "நாட்டோ... ஏன்?" என்றேன். அவள் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறியாக வைத்தாள். "வார்ஃபரின், நாட்டோ, தமே." கூடாது. மாத்திரை வேலை செய்யாது, ரத்தம் கட்டிவிடும் என்று கையால் நடித்தும் காட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக என் மருந்துச்சீட்டைப் புரட்டி, "உங்களுக்குப் பரவாயில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றாள்.

"எனக்கில்லை. அக்கா."

"அக்கா எங்கே?"

"இந்தியா."

அவள் கண்கள் விரிந்தன. "இந்தியாவில் நாட்டோ கிடைக்கிறதா!" எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

என் சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டு நடந்தேன். அக்காவைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. இரண்டு நாளாகவே அப்படித்தான். கோடை மழையில் டவர் படுத்திருக்கும் என்று அதுவரை இருந்த நினைப்பு, அந்த நிமிடத்தில் அக்காவே படுத்துவிட்டாள் என்று ஆயிற்று. மச்சானைக் கூப்பிட்டேன். மிளகு விற்க சேந்தமங்கலத்துக்கு இறங்கும் விடியல் பஸ்ஸில் இருந்தார். "அக்கா எப்படி இருக்கறா மச்சான்?" "நான் கெளம்பறப்ப படுத்துத்தான் கெடந்தா மாப்ள..." என்றார். அடுத்த கொண்டை ஊசி வளைவு அவர் குரலை விழுங்கிவிட்டது. எழுபது வளைவு இருக்கும் மலையில் பிறந்ததற்காக அன்றுபோல் என்றும் நொந்ததில்லை.

கடைக்குப் போய் முதல் பன்னிரண்டு ரொட்டியைக் கருக்கினேன். மனதுக்குள் போலீஸுக்கு வாக்குமூலம் ஓடியது. ஐயா, ஆயுதம் சோயா. கூட்டாளி வைக்கோல். டாக்டரிடம் சொல்லாதே என்று மிரட்டியது நான். விமான டிக்கெட்டைத் தேடினேன். எந்த விமானம் பிடித்தாலும் டவர் எழுவதற்குள் போய்ச் சேர முடியாது. ஃபோனைக் காதில் வைத்து, மணி அடிக்காத அந்த வெற்றுச் சத்தத்தில் டிக் டிக் கேட்கிறதா என்று பார்த்தேன். அப்படியும் ஒரு மடையன் உண்டு.

இரண்டு மணிக்கு மோரிதா-சான் சைக்கிளில் வந்து இறங்கினார். விட்டேனா? முதலாளியை இழுத்துவந்து, அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் இவர் என்ன சொன்னார், கேளுங்கள் என்றேன். முதலாளி கேட்டார். பெரியவர் பொறுமையாக மறுபடி சொன்னார். உப்பைக் குறைத்தாராம். வயிறு முட்டுமுன் எழுந்துவிடுவாராம். இன்னும் தினமும் வயலுக்குப் போகிறாராம். நாட்டோ தின்பது பிடித்ததால்தானாம். "என் தம்பியும் தினமும் தின்றான். அறுபதில் போய்விட்டான்."

நாலு மணிக்கு ஃபோன் அடித்தது, அக்கா. நான் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, நாட்டோவத் தின்னாத! இனி தொடாத!"

கோபமாக, "யாரு சொன்னது உனக்கு? அந்த மனுசன்தான?" என்றாள்.

"மச்சான் ஒண்ணும் சொல்லல. படுத்துக் கெடந்தீனு மட்டும் சொன்னாரு."

"ராத்திரியெல்லாம் மழ, ஊடு ஒழுகுச்சு. வெடியால கண்ணசந்தேன், அதுக்கொரு தந்தி குடுத்தாராக்கும்." பிறகு குரல் இறங்கியது. "கோவிச்சுக்காத சாமி. மொத நாளு ஒரு வாய் வெச்சேன். கொடலப் பொரட்டிக்கிட்டு வந்துது. அன்னையிலிருந்து கோழிக்குத்தான் போடறேன்."

"மூணு மாசமாவா?"

"நீ அங்க தனியாக் கெடக்கற. தெனம் கேக்கற. இல்லீனா உன்ற சத்தமே சுருங்கிப்போவுது. அதான் ஆக்கி ஆக்கிப் போட்டேன்."

அடுத்த பரிசோதனையின்போது நான் ஃபோனில் இணைந்திருக்க, டாக்டரிடம் எல்லாவற்றையும் அக்காவைச் சொல்லச் சொன்னேன். அவர் வைதார், முறையாக வைதார். அக்காவின் ரத்தம் எப்போதும் போலச் சரியாகத்தான் இருந்தது. அவள் தின்றது ராகிக் களியும் மாத்திரையும்தான்.

நான் இன்னும் காலையில் நாட்டோ தின்கிறேன், மிசோ சூப்பைப் பாதியாக்கிவிட்டேன். பத்து மணிக்கு இன்னும் ஃபோன் செய்கிறேன். இப்போது அங்கே சோயா வேகவைப்பதில்லை. ஆனாலும் கல்லின் மேல் வைத்த ஃபோனில் நான் "அக்கா" என்றதும் வேலிக்குள்ளிருந்து ஏழு கோழிகள் ஓடிவந்து அதைச் சுற்றி நின்று கொத்துகின்றன. மூன்று மாதம் அந்தக் குரலுக்குத்தான் அவற்றுக்குத் தீனி விழுந்தது.