நோர்வூட் நூலகத்து வெண்கலத் துரை

பிற்பகல் 2.10. இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து நோர்வூட்டில் இறங்கினேன். யாரென்று தெரியாத வெண்கலச் சிலை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட தேயிலைத் தோட்ட நூலகத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஓட்டிய ஜெகனின் காலடியில் ஒரு கடப்பாரை கிடந்தது.

“செலையப் பாக்கவா சார்? சட்டுன்னு பாத்துக்கங்க. இன்னிக்கிக் கழட்டப் போறோம்.”

“ஏன் தம்பி?”

“பழைய தொரை செல சார். எங்கம்மா உள்ள வந்தாலே அதுக்குச் சலாம் வைப்பாங்க. அது முன்னால உக்காரவே மாட்டாங்க. பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு.”

தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரர்தான் துரை. பங்களாவைக் காலி செய்தபோது அவருடைய புத்தகங்களோடு சிலையும் நூலகத்துக்கு வந்ததாம்.

2.40. கடப்பாரையோடு இறங்கிய ஜெகனை நூலகர் செல்வி வாசலிலேயே மறித்தார். “எந்தத் தொரைப்பா போர்வையச் சுத்திக்கிட்டுத் தோட்டத்தச் சுத்துனான்? நீயே சொல்லு.”

எட்டிப் பார்த்தேன். தாடி, கையில் சுருள் ஏடு, பீடத்தில் கிரேக்க எழுத்துகள். அட, இவரா! திருச்சிக் கல்லூரியில் இருபது வருடமாக நான் நடத்தும் வரலாற்றில் முதல் பாடமே இவர்தான்.

“தம்பி, இவரு துரை இல்ல. கிரேக்க நாட்டுக்காரர். ரெண்டாயிரம் வருசத்துக்கும் முன்னால ஊர் ஊராப் போய், கண்டவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சு வரலாறு எழுதினவரு. வரலாற்றின் தந்தைன்னே சொல்லுவாங்க.”

ஜெகன் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நம்ம மாதிரி ஆளுங்ககிட்டயுமா?”

“கப்பல்காரன், பூசாரி, யாரையும் விடல.”

கடப்பாரையை ஆட்டோவில் வைத்துவிட்டு வந்தார்.

4.30. சிலையைக் கழற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு ஜெகனின் அம்மா மாரியாயி ஓடி வந்தார். வந்ததும் கை நெற்றிக்குப் போனது.

“அம்மா, அது தொரை இல்லம்மா. நம்மகிட்டக் கதை கேட்டு எழுதுற ஆளு. சார் சொல்றாரு.”

“நெசமாவா? இத்தன வருசம் கால் கடுக்க நின்னேனே, பாவி மனுசா!” சிலையைத்தான் திட்டினார். பிறகு நாற்காலியை இழுத்து அதற்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். “அப்ப எழுதிக்கச் சொல்லு. நான் மொதமொத கொழுந்து பறிக்க மலைக்குப் போன நாள்லேருந்து சொல்றேன்.”

செல்வி நோட்டை விரித்தார். ஜெகன் தரையில் உட்கார்ந்தார். என் வகுப்பில் இந்த மனிதரைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்குவார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை.

ஆறு மணி பஸ் போய்விட்டது. கதையில் ஜெகன் இன்னும் பிறக்கவேயில்லை.