மணிக்கட்டுக்கு என்ன வைத்தியம்?

விரல்கள் மரத்துப்போகின்றன என்று இன்று குன்னூரில் டாக்டரிடம் காட்டினேன்.

"மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கு. பட்டை கட்டிப் பாக்கலாம், இல்லைன்னா ஆபரேஷன். நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, அதுவரைக்கும் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில், கையில் கட்டோடு ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவருக்கும் இதே ஆபரேஷன்தானாம்.

"பயமா இல்லைங்களா?"

"சுடுசட்டியப் புடிச்சதே தெரியலைங்க. அதவிட என்ன பயம்? மருமக ஊட்டு வேலையப் பாத்துக்கறேன்னா, பண்ணிக்கிட்டேன். உங்க ஊட்டுல ஆளிருக்குதுங்களா?"

வீட்டுக்கு வந்து, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கணவரிடம் கேட்டேன்.

"இப்போதைக்குப் பட்டையே கட்டிக்க" என்றார், குடித்து முடித்த டீ டம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே.

பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு டம்ளரைக் கழுவினேன்.

உங்கள் வீட்டில் யாருங்க டாக்டர்?