கன்னத்துக்குள் நூல்

அந்த வீடியோவை எடுக்காமல் இருந்திருந்தால் நான் மதுரைக்குப் போயிருக்கவே மாட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அதற்கு முன்பே போக நினைத்திருந்தேன். வீடியோ ஒரு சாக்கு.

கொடைக்கானலில், ஏரிக்கு மேலே உள்ள ஒரு ஹோட்டலில் இருபது வருடத்துக்கும் மேலாக வரவேற்பறையில் வேலை பார்க்கிறேன். மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். போன வருடம் முதலாளியின் மகன் ஹோட்டலுக்காக ஒரு சின்ன வீடியோ எடுத்தான். நான் பட்டுச்சேலை கட்டி, இரண்டு நாள் கண்ணாடி முன்னால் பேசிப் பழகிக்கொண்டு போய் நின்றேன். மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, உங்க வாய்ஸ் சூப்பரா வந்திருக்கு. வாய்ஸ அப்படியே வச்சுக்கிறோம். ஃபேஸுக்கு மட்டும் ரிசப்ஷன்ல புதுசா வந்த பொண்ண நிக்க வச்சு எடுத்துட்டோம். ஓகே தான?" என்றான்.

"ஓகே சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தப் பெண் எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீடியோவில் அவள் வாயைத் திறக்கிறாள், என் குரல் வருகிறது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "உன் குரல் நல்லா கணீர்னு இருக்கு" என்றார். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர். அவர் மனதாரத்தான் சொன்னார். நான் குளியலறைக்குள் போய், தாடைக்குக் கீழே தொங்கிய சதையை இரண்டு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஐம்பத்து மூன்று வயது.

நூல் விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஹோட்டலுக்கு வருகிற கோயம்புத்தூர் அம்மா ஒருவர் உண்டு. என் வயதுதான். ஒரு வருடம் அவர் முகம் ஐந்தாறு வயது குறைந்து வந்திறங்கியது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டுபிடித்து, அவரே காதோரம் சொன்னார்: "நூல் போட்டிருக்கேன். ஆபரேஷன் கெடையாது, கத்தி கெடையாது. உள்ள விட்டு இழுத்துக் கட்டுற மாதிரி. அப்புறம் நூல் தானாக் கரைஞ்சிரும்." மதுரையிலும் செய்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார்.

வீட்டில் கடவாய்ப்பல் இரண்டு எடுக்க வேண்டும் என்றேன். கணவர் தானே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார். ஆயுதபூஜை லீவு சவாரியை விடவேண்டாம் என்று தடுத்துவிட்டு, வெள்ளனே கிளம்புகிற பஸ்ஸில் தனியாகப் போனேன்.

டாக்டரும் ஒரு பெண்தான். வெள்ளைப் பென்சிலால் என் கன்னத்தில் கோடு போட்டார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு காதுக்கு மேலே, நெற்றியோரம் முடி தொடங்கும் இடத்தில் துளை போட்டு, மெல்லிய குழல் போன்ற ஊசியைத் தோலுக்கடியில் வாயோரம் வரை செலுத்தினார். வலி பெரிதாக இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. புதுத்துணியைக் கிழிப்பது போல நறநறவென்று, காதுக்கு வெளியே இல்லை, மண்டைக்கு உள்ளே. ஒரு பக்கத்துக்கு நான்கு நூல். ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கி, வெளியே நீட்டிய நுனியை வெட்டிவிட்டார்.

"ஆறேழு மாசத்துல நூல் கரைஞ்சிரும். தூக்கி வச்சது அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு நிக்கும். நிரந்தரம்னு நெனைக்காதீங்க" என்றார். இரண்டு வாரத்துக்கு வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். தாளின் மேலே ஒரு அழகான பெண்ணின் முகம், கன்னத்தில் அம்புக்குறிகளோடு.

திரும்பி வரும்போது வத்தலக்குண்டு தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "பல்லு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் அன்றைக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. எங்கள் ஊர்க்குளிரில் மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதுவும் வசதியாகப் போயிற்று.

மறுநாள் முகம் வீங்கிவிட்டது. இடது கன்னத்தில் ஒரு இடம் உள்ளே இழுத்துக் குழிந்து கிடந்தது. வாயோரம் கன்றிப் போயிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். சில பேருக்கு இப்படி ஆகும், சரியாகிவிடும் என்றார்.

அன்று மதியம் மதினி வந்துவிட்டார்.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. மலைக்குள்ளேயே பூண்டி கிராமத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர். என் கணவர் போனில் அவரிடம், "அவளுக்கு ரெண்டு பல்லப் புடுங்கிட்டாங்கக்கா, பேசக்கூட முடியல" என்று சொல்லியிருக்கிறார். உடனே மதினி காட்டுவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். மதினியின் கணவர் வாய்ப்புற்றில் செத்தவர். ஒன்பது வருடம் ஆகிறது. புகையிலைப் பழக்கம். முதலில் அவரும் பல்வலி என்றுதான் சொன்னார். பிறகு கன்னம் வீங்கியது, பிறகு வாய் திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான்கு மாதம் என் வீட்டில் வைத்துத்தான் அவரை மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்து பார்த்தோம். பல் என்று பொய் சொல்ல முடிவு செய்தபோது இதில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. என் முகத்தைத் தவிர வேறெதுவும் அப்போது நினைவில் இல்லை.

மதினி வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். "மப்ளர அவிழு" என்றார். அவிழ்த்தேன்.

"வாயத் தொற, பாக்கலாம்."

திறக்கக் கூடாது என்று கையால் காட்டினேன்.

"ஒரு வெரலு நொழையற அளவுக்காவது தொறத்தா."

முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னேன். மதினி அதற்கு மேல் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கேப்பை கரைத்துக் கஞ்சி காய்ச்சினார். நான்கு நாள் இருந்தார். கஞ்சியை ஆற்றி, ஸ்பூனால் உதட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சிந்தியதைத் துடைக்க வந்த கையை நான் தட்டிவிட்டேன், முகத்தைத் தேய்க்கக் கூடாதே. ஒருநாள் அந்த அச்சடித்த தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே வரவும் சட்டென்று தலையணைக்கு அடியில் சொருகினேன். அவர் அதைப் பார்த்தார். பார்க்காதது போல டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

"காட்டுல சோலி கெடக்கு" என்று ஐந்தாம் நாள் கிளம்பினார். பஸ் ஏறும் முன் என் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்ததே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்துவிட்டது. குழியும் நிரம்பியது. தாடை எடுப்பாக, ஒரே கோடாக நின்றது. வேலைக்குப் போனேன். "மேடம், ரெஸ்ட் எடுத்தது தெரியுது. ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க" என்று அந்த வீடியோப் பெண்ணே சொன்னாள். நான் அன்று எத்தனை முறை கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலைப்பொழுது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு அறை கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் காவலாளி யாரையோ தடுத்துக் கேட்பது காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கையில் பஞ்சாமிர்த டப்பா இருந்த துணிப்பையோடு ஒரு கிழவி நின்றார். அடையாளம் தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

மதினி.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அவரைக் கண்டதும் என் மனதில் முதலில் வந்தது, இவர் ஏன் இப்படிச் செய்தார் என்பதல்ல. இந்த ஆட்கள் முன்னால் இந்தக் கோலத்தில் இங்கே வந்து நிற்கிறாரே என்பதுதான். வேகமாகப் போய்க் கையைப் பிடித்து, பக்கவாட்டுப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

மதினிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வத்திருச்சு. முருகா, வத்திருச்சு" என்றார். பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினார். பிறகு இரண்டு கன்னத்திலும் பூசினார்.

"என்ன மதினி இது? எதுக்கு முடி எறக்குனீங்க?"

"உனக்காகத்தான். உன் வாயப் பாத்த அன்னிக்கே பழனி மலையானுக்கு நேந்துக்கிட்டேன். அவுகளுக்கு வந்த மாதிரி உனக்கும் வந்துறக் கூடாதுன்னு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நீ காயிதத்த ஒளிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுத்தா. அவுகளும் அப்படித்தான் ஒளிச்சாக. எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்? தம்பிக்கிட்டயாச்சும் சொன்னியா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயை நன்றாகத் திறக்க முடிந்தது, டாக்டர் விதித்த நாளெல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும், "இல்ல மதினி. பல்லுதான். நெசமா பல்லுதான்" என்றேன்.

முதல் பொய்யாவது வீட்டிலிருந்து கிளம்புவதற்காகச் சொன்னது. இந்தப் பொய்யைச் சந்தனம் காயாத தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பல்லோ என்னவோ. போயிருச்சுல்ல, அது போதும்" என்றார் மதினி. காபி வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார்.

ஒரு வாரம் என்னால் கண்ணாடியில் நேராகப் பார்க்க முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது முகம். அதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பூண்டிக்குப் பஸ் ஏறினேன்.

மதினி வீட்டு வாசலில் சாக்கை விரித்து, பூண்டில் வேரும் தாளும் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் சந்தோஷமாக இடம் ஒதுக்கினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, கோயம்புத்தூர் அம்மா, வெள்ளைப் பென்சில், நூல், அது கரைந்துபோகும் என்பது, எல்லாம்.

மதினி அருவாமனையை விட்டுக் கையை எடுத்தார். "நூலா?" என்று கேட்டார். "கன்னத்துக்குள்ளயா?"

"ஆமா மதினி."

"நோவு ஒண்ணும் இல்ல?"

"இல்ல."

அவர் கொஞ்ச நேரம் என் கன்னத்தையே பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

"ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"நீங்க சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சா என்ன? செத்தா போயிருவ?" குரல் உயர்ந்தது. "முடி போனதுக்குச் சொல்லல. முடி மொளைக்கும். உன் வீட்டு அடுப்படியில நின்னு கஞ்சி ஆத்துனனே நாலு நாளு, அந்த நாலு நாளும் நான் உன்னைய மட்டுமா பாத்தேன்? அவுக வாயத் தொறக்க முடியாமக் கெடந்ததையெல்லாம் மறுபடி மொதல்லருந்து பாத்தேன். அது உனக்குத் தெரியாதா? நீயும்தான கூட இருந்த?"

நான் அழுதேன். அவர் என்னை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பப் போயி மொதல்ல அவன்கிட்டச் சொல்லு." மறுபடி பூண்டை எடுத்து நறுக்கத் தொடங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

கணவரிடம் சொன்னேன். அவர் விளக்கைப் போட்டு, என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்றார். பிறகு, "அக்கா பாவம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வண்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே காலையில் கழுவின வண்டி.

பொங்கலுக்கு மதினி வரவில்லை. தம்பியிடம் போனில் பேசுவார், என்னைக் கேட்க மாட்டார். கேரட் மூட்டை மட்டும் பஸ்ஸில் எப்போதும்போல வந்தது. அதைச் சீவி நறுக்கும்போதெல்லாம் கூசிப்போவேன்.

சித்திரை மாதம் கண்ணைக் காட்ட டவுனுக்கு வந்தவர், முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்து நின்றார். தலையில் முடி விரல் நீளத்துக்கு, முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்திருந்தது. அடுப்படியில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் தோசை ஊற்றினேன். இரண்டு தோசை தின்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "எறங்கிருச்சு போல" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. தாடையோரம் பழைய சதை மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஆமா மதினி. கரைஞ்சிருச்சு" என்றேன்.

"மறுபடி போவியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது. ஆனால் முந்தின வாரம்தான் மதுரைக் கிளினிக்கிலிருந்து, மறுபடி நூல் போட வருகிறீர்களா என்று போனில் ஒரு செய்தி வந்திருந்தது. நான் அதை அழிக்கவில்லை. இரண்டு தடவை திறந்தும் பார்த்தேன். இவ்வளவுக்கும் பிறகும் எனக்கு ஆசை இருந்தது. அவர் முன்னால் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல மதினி" என்றேன். காதெல்லாம் சுட்டது.

மதினி தட்டை வழித்து விரலை நக்கிக்கொண்டார். சிரிப்பாரோ, எழுந்து போவாரோ என்று பயந்தபடி கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றேன்.

"போறதுன்னா சொல்லிட்டுப் போ" என்றார். "இன்னொன்னு ஊத்து, மெலிசா."