முதல் மார்க் வாங்கிய பிள்ளை

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். அங்கே அங்கன்வாடியில் நான் ஆயா. கூட்டுவேன், சமைப்பேன், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்த வருடம் ஆனி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சிப் படிப்பு. பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளுக்கென்றே கம்ப்யூட்டர் விளையாட்டு நிறைய வந்துவிட்டதாம். விளையாடினால் அறிவு வளரும் என்று சொல்லி விற்கிறார்களாம். எது நிஜமாகவே கற்றுக்கொடுக்கிறது, எது பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். மேலிடத்தில் அனுமதி வாங்கி வந்திருந்தாள். எங்களிடம் பதினெட்டுப் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் வருவாள்.

கையில் பிடிக்கிற டேப், பெரிய செல்போன் மாதிரி. அதில் மூன்று விளையாட்டு. திரையில் நாலு படம் வரும். மாட்டைத் தொடு, குடையைத் தொடு என்று உள்ளிருந்து ஒரு குரல் சொல்லும். சரியாகத் தொட்டால் ஸ்டார் விழும். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, எத்தனை சரி என்று தாளில் குறித்துக்கொள்வாள்.

முதல் நாள் பாதிப் பிள்ளைகள் புது முகத்தைப் பார்த்து அழுதன. அதனால் என்னைப் பிள்ளைக்கு எதிரே உட்காரச் சொன்னாள்.

"ஆயாம்மா, நீங்க வாயே தொறக்கக்கூடாது. விடையைச் சொல்லிட்டீங்கன்னா அம்புட்டும் வீண்."

சரி என்றேன். இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பதினெட்டில் ஒரு பெண் பிள்ளை. நாலு வயது. பேச்சு கம்மி. அம்மா, தா, வேணாம் என்று ஏழெட்டு வார்த்தை வரும். கூப்பிட்டால் வர மாட்டாள். அழுத்தக்காரி என்று பேர் வைத்ததே நான்தான். ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

அவளுடைய அம்மா காளவாசலில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார். பிள்ளை மந்தம் என்று மாமியார் வீட்டில் ஒரே பேச்சு. அந்த அம்மா நொந்து போயிருந்தாள்.

இந்தப் பிள்ளைதான் விளையாட்டில் முதலில் வந்தாள். பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது. வாயாடிப் பிள்ளைகள் எல்லாம் ஐந்தில் நின்றன. எங்கள் டீச்சர் அசந்துபோனார். கேள்விப்பட்டு அம்மா கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மகள் விளையாடுவதை செல்போனில் படம் எடுத்தாள். மாமியார் வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் லட்டு.

"எம்புட்டுப் பேச்சுப் பேசுனாக அத்த. இப்பப் பேசச் சொல்லுங்க பாப்பம்" என்றாள் என்னிடம். என்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த வருடம் திருமங்கலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

புரட்டாசியில் எனக்குக் கண் புரை ஆபரேஷன். பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பத்து நாளில் பிள்ளை சரியாகச் செய்யவில்லை என்று டீச்சர் போனில் சொன்னார். மூன்று, நாலு என்றுதான் வந்ததாம். ஆயா இல்லாமல் ஏங்கிப்போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிப் போனேன். போலீஸ் ஆயா, போலீஸ் ஆயா என்று பிள்ளைகள் சுற்றி வந்தன. அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பதால் டேப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை முறை வந்தது. மாட்டைத் தொடு என்று குரல் சொன்னது. அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எழுந்து வந்து என் கண்ணாடியைக் கீழே இழுத்தாள். கண்ணை உற்றுப் பார்த்தாள். திரும்பிப் போய் மாட்டைத் தொட்டாள்.

ஸ்டார் விழுந்தது.

ஆராய்ச்சிப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த நேரம் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பதால் படம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இருந்தாலும் குரல் சொன்னதும் என் கண் விடைக்குப் போய்விடும். இத்தனை நாளும் போயிருக்கிறது. பிள்ளைக்கு வர வேண்டுமே என்ற ஆசையில் தாடையைக்கூட ஆட்டியிருப்பேன். வாய்தானே திறக்கக்கூடாது என்றாள்.

மற்றப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தன. இவள் மட்டும் ஏன் என்னைப் பார்த்தாள்? வீட்டுக்குப் போயும் அதே யோசனை.

மறுநாள் அவள்தான் முதலில் வந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கினாள். நான் பின்னால் நின்று சத்துமாவு உருண்டை வைத்திருக்கும் தூக்குவாளியின் மூடியைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் போகிற பிள்ளைகூட ஓடிவரும். இவள் அசையவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை. அசையவில்லை. முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அடித்தது ஞாபகம் வந்தது. ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடியப் போகிற நேரத்தில் ஏன் கிளப்புகிறீர்கள் என்றார். மேலே இருந்து கேள்வி வரும் என்று பயந்தார். பயம் எனக்கும் உண்டு. என்னால்தான் கெட்டது என்று தெரிந்தால் வேலை நிலைக்குமா தெரியாது. ஆனால் பிள்ளையை இப்படியே விட்டுவிட முடியாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆராய்ச்சிப் பெண் வந்ததும் நேராகப் போய்ச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. மற்றப் பிள்ளைகளும் நடுவில் என் கண்ணைப் பார்த்திருக்கலாம். அந்த ஒரு பிள்ளையின் தாள் மட்டும் இல்லை, பதினெட்டுப் பேர் தாளையும் இனி நம்ப முடியாது. இரண்டு மாத வேலை. டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தாள். என்னைப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். இந்தத் தடவை பிள்ளை முதலில் தொட்டதை மட்டும் கணக்கில் எடுத்தாள். அதிகமாக ஸ்டார் கொட்டிய விளையாட்டு அப்போது கீழே போய்விட்டது. தப்பாகத் தொட்டால் அதில் சரியான படம் தானாகவே ஆடிக் காட்டுமாம். பிள்ளைகள் எதையாவது தொட்டுவிட்டு, ஆடுகிற படத்தை அடுத்துத் தொட்டு ஸ்டார் வாங்கியிருக்கின்றன. படிக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் தாளில் இரண்டு, மூன்று என்றுதான் விழுந்தது.

அம்மாவிடம் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கடை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்தேன். பிள்ளைக்குக் காது சரியில்லை போலிருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்றேன். அந்த மார்க் என் கண்ணைப் பார்த்து வாங்கியது என்றும் சொன்னேன். மறைக்கவில்லை.

"எம்மவ முதல் மார்க் வாங்குனது ஒங்களுக்கே பொறுக்கலையா அத்த?" என்றாள். அதோடு போய்விட்டாள். மறுநாளிலிருந்து பிள்ளையை அனுப்பவில்லை.

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி போனேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள். மந்தம் என்ற பேச்சு போதாதென்று செவிடு என்ற பேரும் வேண்டுமா என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பிள்ளை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மா வாசற்படியில் நின்றாள்.

"நான் சொல்றத நம்ப வேணாம் தாயி. நீ அங்கயே நின்னு ஒரு தடவ கூப்பிடு. திரும்புனா நான் இந்தப் பக்கமே வரல."

அவள் கூப்பிட்டாள். பிள்ளை மண்ணைக் கிளறியது. மறுபடி கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிள்ளை திரும்பவில்லை.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். 

"எப்பப் பேசுனாலும் என் ஒதட்டையே பாத்துக்கிட்டு இருப்பா அத்த. பிரியத்துல பாக்குறான்னு நெனச்சேன்" என்றாள்.

பிரியமும்தான் என்றேன்.

திங்கட்கிழமை மூன்று பேரும் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல நாள் அலைந்தோம். பெரிய சத்தம் மட்டும் லேசாகக் கேட்கிறது என்றார்கள். இன்னும் வருடம் போனால் பேச்சு வருவது கஷ்டம், இப்போது வந்தது நல்லது என்றார் டாக்டர். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தார்கள். முதல் நாள் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே பயந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம் பேச்சுப் பயிற்சி. அந்த அம்மா வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட்டிப்போனாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தது என் தப்பால்தான் என்று அந்தப் பெண் தன் அறிக்கையில் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. எழுதியிருந்தால் சரிதான்.

பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. உள்ளூர்ப் பள்ளிக்கூடம்தான். வார்த்தை கொஞ்சம் மழுங்கலாக வரும். ஆனால் வாய் ஓயாது. போன வாரம்கூடத் தெருவில் எனக்கு முதுகுப்பக்கமிருந்து ஆயா என்று கத்தினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடிவிட்டாள்.

எங்கள் பிள்ளைகளில் யாராவது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால், கை தட்டுவதற்கு முன்னால் அதன் பார்வை எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது. இன்றுவரை போகவில்லை, போகவும் வேண்டாம்.