ட்ரையல் ரூம் மூன்று

ஆயத்த ஆடைக் கடையில் அவளுக்குப் பெயர் ‘டேப்’. ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும், சட்டை அளவைச் சொல்லிவிடுவாள். பதினோரு வருடத்தில் பிசகியதில்லை.

நோய்க்காலத்தில் அவள் தம்பி இறந்தான். மூச்சுத் திணறியபோதும் ‘போகமாட்டேன்’ என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டவனை அவள்தான் அதட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினாள். அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அவன் திரும்பவில்லை. ‘அவனேதான் கிளம்பினான்’ என்று அம்மாவிடம் சொல்லிவைத்தாள்.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் டேப்புக்குக் கண்ணளவு தப்பியது. ஒல்லியோ தடியோ, வாலிபன் யார் வந்தாலும் முப்பத்தெட்டை எடுத்துப் போட்டாள். தம்பியின் அளவு அது. போட்டுப் பார்த்து வாங்கவும் வழியில்லை. தொற்றுக்குப் பயந்து ட்ரையல் ரூம்களை மூடியிருந்தார்கள். அளவு சேராமல் திரும்பி வந்த சட்டைகளை மட்டும், தொற்று போகட்டும் என்று மூன்றாம் அறையில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டார்கள்.

“இந்த மாசமும் இப்படின்னா குடோனுக்குத்தாம்மா மாத்தணும்,” என்றார் சூப்பர்வைசர். “நான் என்ன பண்றது, சொல்லுங்க.”

மனநல ஆலோசகர் வாரம் ஒருமுறை போனில் பேசினார். வீடோ ஒரே அறை, நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் அம்மா. ‘ம்’, ‘பரவாயில்ல மேடம்’ தவிர வேறென்ன பேசுவது?

“நேர்ல வரட்டுமா மேடம்?”

“எங்க சென்டருக்கு இன்னும் பர்மிஷன் வரலையேம்மா.”

சலூன் திறந்தாயிற்று. பனியன் வாங்க ஐம்பது பேர் ஒன்றாக உள்ளே போகலாம். ஒருத்தி ஓர் அறையில் உட்கார்ந்து அழத்தான் அனுமதி இல்லை. இது என்ன நியாயமோ, விதி போட்டவர்களுக்கே வெளிச்சம்.

அந்தப் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு மூன்றாம் அறைக்குள் நுழைந்து திரையை இழுத்துவிட்டாள். சுற்றிலும் முப்பத்தெட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“அவன் போகமாட்டேன்னு அழுதான் மேடம். நான்தான் திட்டி அனுப்பினேன். அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

போனில் கரகரப்பு. பிறகு மேடத்தின் குரல்.

“ஹலோ? ஹலோ? லைன் நடுவுல கட்டாயிடுச்சும்மா. ஏதோ சொன்னீங்களே?”

“ஒண்ணுமில்ல மேடம். பரவாயில்ல.”

ஐந்து மாதமாகச் சேர்த்த துணிச்சல் விழலுக்கு இறைத்த நீரானது. போனை வைத்துவிட்டுத் திரையை விலக்கினாள். வாசலில் சூப்பர்வைசர், கையில் திரும்பி வந்த மூன்று சட்டைகளுடன்.

இதைக் கேட்கிறவர் முகம் எப்படி மாறுமோ என்பதுதான் அவளுடைய இத்தனை நாள் பயம். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. அவை அவளை விட்டு விலகவில்லை.

“மேடத்துக்குக் கேக்கல போல,” என்றார். “எனக்குக் கேட்டுச்சு.”

அவள் அழுது முடிக்கும்வரை அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலை ஆறடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“லஞ்ச் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. தம்பி எப்படி இருப்பாரு? சொல்லுங்க.”

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“முப்பத்தெட்டு சார்,” என்று ஆரம்பித்தாள்.